இரண்டு ஹாரன்

லொரேட்டா குச்செராவின் பச்சை நிற பிக்கப் வண்டி ஒரு வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிக்காமல் நின்றால், அந்த வீட்டு மனிதர் யாரோ எங்கோ இறந்துவிட்டார் என்று அர்த்தம். இரண்டு தடவை அடித்தால் ஒன்றுமில்லை, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். அமெரிக்கக் கிராமப்புற மாவட்டமான ஹார்லன் ஃபோர்க் கவுண்டியில் இது நாய்களுக்குக்கூடத் தெரியும்.

அவள் கவுண்டியின் மரண விசாரணை அதிகாரி. எந்தப் பண்ணையில், எந்தச் சாலையில் யார் செத்தாலும் போய்ப் பார்க்க வேண்டும், எதனால் என்று சொல்ல வேண்டும், பிறகு வீட்டாரிடம் நேரில் போய்ச் சேதி சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டுப் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடக் கூடாது. கோர்ட் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவளுக்கு ஓர் அறை உண்டு. அதையும் களை ஒழிப்புத் துறையோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், அதனால் அவள் கோட்டில் எப்போதும் களைக்கொல்லி வாடை அடிக்கும். சாலைத் துறைக்குப் புது இயந்திரம் வாங்கலாமா என்று அரை நாள் பேசுகிற, கவுண்டிப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் கமிஷனர்கள், அவளுடைய ஸ்ட்ரெச்சருக்குச் சக்கரம் மாற்ற வேண்டும் என்றால் மட்டும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டதே இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் நிம்மதியாக உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தவள். அந்தக் காலத்து ஷெரிஃப், அதாவது கவுண்டி போலீஸ் தலைவர், ஒரு முரடர். ஒருநாள் அவர் பிள்ளைகளின் சாப்பாட்டு வரிசையில் குறுக்கே புகுந்தபோது, கரண்டியை நீட்டி, "பின்னாடி போய் நில்லுங்க" என்று சொல்லிவிட்டாள். அவரும் போய் நின்றார். அந்தக் கவுண்டியில் ஷெரிஃபைக் கைது செய்யும் அதிகாரம் சட்டப்படி ஒரே ஒருவருக்குத்தான் உண்டு, அது மரண விசாரணை அதிகாரி. அந்த வருஷம் அந்தப் பதவிக்கு யாரும் போட்டியிடவில்லை. வாக்குச்சீட்டில் அடியில் ஒரு வெற்றுக் கோடு இருக்கும், இஷ்டப்பட்ட பெயரை எழுதலாம். காபிக் கடையில் உட்கார்ந்திருந்த வெட்டிக் கூட்டம் சிரித்துக்கொண்டே போய் அவள் பெயரை எழுதிவிட்டு வந்தது. வேறு பெயரே இல்லாததால் அவள் ஜெயித்துவிட்டாள்.

ஒரு தடவைதானே என்று ஒப்புக்கொண்டாள். பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. கணவர் எமில் இறந்தபோது அவருடைய மரணச் சான்றிதழிலும் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். மகள் கெய்லீனின் கல்யாணத்தில் கேக் வெட்டுவதற்கு முன்பே போன் வந்து, பட்டுப் புடவைக்குச் சமமான தன் நீல கவுனோடு ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றாள். மற்றவர்கள் வீட்டுக்கு ஒரு விருந்துக்குப் போக முடியவில்லை. கதவைத் திறக்கிறவர்கள் முகம் வெளிறிப்போய், "யாரு?" என்பார்கள். அந்த "யாரு?" பொறுக்காமல்தான் ஹாரன் பழக்கத்தை அவளே கொண்டுவந்தாள். அதற்குப் பிறகுதான் நாலு வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்க முடிந்தது.

கெய்லீன் இப்போது தூரத்தில், கடற்கரை ஊரில் இருந்தாள், வயிற்றில் குழந்தையோடு. அம்மாவுக்கென்று ஓர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள். "ஜன்னலத் தொறந்தா கடல்தாம்மா. எப்ப வர்ற?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள். லொரேட்டா இந்தத் தேர்தலுக்குத் தன் பெயரைக் கொடுக்கவில்லை. ஆனால் சட்டம் அவளைவிடக் கெட்டி. அடுத்தவர் பதவியேற்கும் வரை பழையவர்தான் நீடிக்க வேண்டுமாம். ஆள் கிடைத்தால் ஒழிய விடுதலை இல்லை.

ஆள் ஒருவர் இருந்தார். வெண்டல் ஆஸ்ட்ரம், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். எத்தனையோ தடவை ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைத் தூக்கியிருக்கிறார். அவசரப்படாத மனிதர். தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லொரேட்டா அவர் வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் திரும்பியதுமே இரண்டு ஹாரன். அவர் மனைவி ஆர்லீன் பின்வாசலுக்கு வந்துவிட்டாள்.

"வா வா. செர்ரி பை சுட்டேன், சூடா இருக்கு. களைமருந்து கோட்ட மட்டும் வெளிய மாட்டிட்டு வா."

பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட செர்ரி பையும் காபியும் வந்தன. லொரேட்டா சுற்றி வளைக்கவில்லை.

"வெண்டல், நீ இந்த வேலைய எடுத்துக்கோ. நீ சரின்னு சொன்னா, ஊரே உன் பேரை எழுதும். நான் போகணும். இங்கயே கெடந்தா, கடைசில எனக்கே நான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்."

"போட்டுட்டுத்தான் போவ, அவ்வளவு பொறுப்பு உனக்கு" என்றாள் ஆர்லீன்.

வெண்டல் வெகுநேரம் கரண்டியைச் சுழற்றினார். "ஷெரிஃபை நான் கைது பண்ணலாமா?"

"தினமும் பண்ணு."

"அப்ப சரி" என்றார்.

லொரேட்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மேசையில், அந்த ஐந்து நிமிஷம், அவள் கடற்கரையில்தான் இருந்தாள். அப்போது போன் அடித்தது. இப்போதைய ஷெரிஃப் டெல்மர். வழக்கமாக "என்னைக் கைது பண்ண வேண்டியவங்களே" என்று ஆரம்பிக்கிறவர், அன்றைக்கு ஆரம்பிக்கவில்லை.

"எங்க இருக்கீங்க?"

"வெண்டல் வீட்ல."

டெல்மர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு, "மெர்ல்" என்றார். "டிராக்டர் பள்ளத்துல கவுந்துடுச்சு. போயிட்டார். நான் பக்கத்துலதான் நிக்கிறேன்."

மெர்ல் வெண்டலின் அண்ணன். வயலுக்கு அந்தப் பக்கம் வீடு. காலையில் கூட இந்த மேசையில்தான் காபி குடித்திருந்தார், அவர் கோப்பை இன்னும் கழுவாமல் தொட்டியில் கிடந்தது.

லொரேட்டா போனை வைத்தாள். ஆர்லீன் இன்னொரு துண்டு பை வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு ஹாரன் அடித்துவிட்டு வந்திருக்கிறோமே என்ற ஒன்றுதான் லொரேட்டாவின் மண்டையில் ஓடியது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தவள், இந்த மேசையில் உட்கார்ந்து அதைச் சொன்னால், இனி எந்த வீட்டிலும் அந்த ஹாரனை நம்ப மாட்டார்கள். அவளுக்கே அது பொய்யாகிவிடும்.

"வண்டில ஒண்ண மறந்துட்டேன்" என்று எழுந்து, வெளியே மாட்டியிருந்த கோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

பிக்கப்பைப் பின்னால் எடுத்து, சாலை வரைக்கும் போனாள். திரும்பினாள். மறுபடியும் முற்றத்துக்குள் வந்து, ஹாரன் அடிக்காமல் நிறுத்தினாள். கோட்டைப் போட்டுக்கொண்டாள். பின்வாசலுக்குப் போகவில்லை. யாரும் பயன்படுத்தாத முன்கதவுக்குப் போய்த் தட்டினாள்.

பைத்தியக்காரத்தனம்தான். இருந்தும் செய்தாள். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வெண்டல் கதவைத் திறந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரு?" என்றார்.

"மெர்ல்" என்றாள். தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அடக்கம் முடிந்தது. அந்தக் கதையை வெண்டல்தான் ஊரெல்லாம் சொன்னார். நன்றியோடுதான் சொன்னார், அதுதான் வினை. சாலைத் துறைக்காரர்கள் கொட்டகையில் பேசினார்கள், வரி கட்ட வந்தவர்கள் கவுன்டரில் பேசினார்கள். தேர்தல் நாளன்று ஊர் போய், வெற்றுக் கோட்டில், இந்தத் தடவை யாரும் சிரிக்காமல், லொரேட்டா குச்செரா என்று எழுதிவிட்டு வந்தது. வெண்டலுக்கு ஒற்றை ஓட்டு. அது லொரேட்டா போட்டது.

முடிவு தெரிந்த மறுநாள் அவள் அவர்கள் வீட்டுக்குப் போனாள். இரண்டு ஹாரன். சண்டை போடத்தான் வந்திருந்தாள்.

"நீயாவது உன் பேரை எழுதியிருக்கலாம்ல, வெண்டல். என்கிட்ட சரின்னு சொன்ன."

"சொன்னேன்." அவர் தரையைப் பார்த்தார். "அன்னைக்கு நீ திரும்பிப் போய்த் திரும்பி வந்த பாரு. அது என்னால ஆகாது, லொரேட்டா. நான் அந்த மேசையிலேயே உளறியிருப்பேன். நானும் உன் பேரத்தான் எழுதினேன்."

"கெய்லீனுக்குக் குழந்தை பொறக்கப் போகுது."

"தெரியும்."

"தெரிஞ்சும் எழுதினியா?"

ஆர்லீன் வந்து லொரேட்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"கோவிச்சுக்காத. நான் முன்னாடி போனா, இவர்கிட்ட நீதான் வந்து சொல்லணும். வேற யாரும் வந்து சொன்னா தாங்க மாட்டார். எனக்காக இரு."

லொரேட்டா கையை உருவிக்கொள்ளவில்லை. ஆர்லீனைவிட அன்பாக யாரும் அவளைக் கட்டிப்போட்டதில்லை. கத்த வேண்டும் போல இருந்தது, ஆனால் "சரி" என்றுதான் வாயில் வந்தது.

வண்டிக்கு வந்து கெய்லீனைக் கூப்பிட்டாள். தனக்கென்று வைத்திருந்த அந்த அறையில் குழந்தைக்குத் தொட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.