மூன்றாவது சட்டி

பிள்ளைகளே, போன ஞாயிறு ஒய்ஸ்டர் சிப்பி சாப்பிட்டுவிட்டு ஓடுகளைக் குப்பைவாளிக்குள் கொட்டினீர்களே, அந்தக் கடகடப்பில் என் கையிலிருந்த தேத்தண்ணி குடிக்காமலே ஆறிப்போனது. உங்களுக்கு அது குப்பை. நம் வீட்டில் ஒருகாலம் அது மருந்து.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இந்த நாட்டுக்கு வந்த புதிது, மவுண்ட் ரோஸ்கில்லில் வாடகை வீடு. நீங்கள் கைக்குழந்தைகள். ஊரில் சண்டை, உங்கள் அம்மாவின் தம்பி எங்கே என்று தெரியவில்லை. தம்பியின் குரலைக் கேட்கும்வரை மச்சம், அதாவது மீன் இறைச்சி, தொடுவதில்லை என்று அம்மா நேர்த்தி வைத்திருந்தார். நேர்த்தி நிலைத்தது, நித்திரை போய்விட்டது. படுத்தால் நெஞ்சு படபடக்கும். டாக்டர் சோதித்துவிட்டு இதயத்தில் பிழையில்லை என்றார். பிழையில்லாத இதயம் ஏன் அப்படி அடிக்கிறது என்று கேட்க எனக்கு அப்போது இங்கிலீஷ் போதவில்லை.

மனுரேவாவில் வேலைத்தலத்தில் என்னோடு பெட்டி அடுக்கிய சீன நண்பர்தான் டொமினியன் ரோட்டில் ஒரு சீன மருந்துக்கடையைக் காட்டினார். உள்ளே போனால் நம்மூர்ச் சரக்குக்கடை மணம், கொஞ்சம் வேறு சாயலில். கடைக்காரப் பெண் அம்மாவின் நாடியைப் பார்த்து, வேர், பட்டை, உடைத்த சிப்பி ஓடு எல்லாம் பொட்டலம் கட்டித் தந்தார். சிப்பி ஓட்டை முதலில் தனியே அவிக்கவேண்டும். மற்றவை அரை மணித்தியாலம் கழித்துத்தான்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்ததும் அம்மாவிடமிருந்து வந்தது வழக்கு.

"இஞ்சருங்கோ, இது மச்சமல்லோ?"

"உம்மட அப்பா வெத்திலைக்குப் பூசின சுண்ணாம்பு மரத்திலயோ காய்ச்சது? அதுவும் சிப்பி சுட்டதுதானே."

"அப்பா நேர்த்தி வைக்கேல்ல."

ஆனாலும் சிரித்துவிட்டார். எத்தனையோ கிழமைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "சரி, குடிக்கிறன். மரக்கறிச் சட்டியிலயும் வேண்டாம், மச்சச் சட்டியிலயும் வேண்டாம். வேற சட்டி வாங்குங்கோ."

அப்படி வந்ததுதான் மூன்றாவது சட்டி. பின்னேரம் வேலையால் வந்து நான்தான் அவிப்பேன். கொதி வந்ததும் ஓட்டுத்துண்டுகள் சட்டிக்குள் கடகடவென்று சண்டை பிடிக்கும். லேசாய்க் கடல் மணக்கும். முதல் நாள், நீங்கள் எழும்பிவிடுவீர்கள் என்று குசினிக் கதவைச் சாத்தப்போனேன். முன்னறைச் சோபாவில் இருந்து அம்மா, "சாத்தாதேங்கோ, கேக்கட்டும்," என்றார். வேர்களைப் போட இன்னும் நேரமிருந்தது. எட்டிப் பார்த்தால், இருந்தபடியே நித்திரை! நித்திரை மருந்து குடிக்க நித்திரையால் எழுப்புவதா? விட்டுவிட்டேன். பிறகும் பல நாள் அப்படித்தான். கடைக்காரப் பெண் அறிந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

அந்தத் தம்பிதான் உங்கள் கனடா மாமா. அவர் போனில் கதைத்த அன்று அம்மா அழுதுகொண்டே மீன் குழம்பு வைத்தார்.

மருந்துக்கடை இருந்த இடத்தில் இப்போது பபிள் டீ விற்கிறார்கள். வாடகை வீட்டை இடித்து மூன்று வீடு கட்டிவிட்டார்கள். அம்மா இல்லாமல் இது இரண்டாவது குளிர்காலம்.

அந்த ஞாயிறு உங்கள் கார் திரும்பிப் போனபிறகு, வாளிக்குள் கைவிட்டு நாலைந்து ஓடுகளை எடுத்துக் கழுவி, சுத்தியலால் உடைத்தேன். சட்டி கராஜில் கிடந்தது. கொதி வந்து கடகடக்கத் தொடங்கியதும், குசினிக் கதவை நன்றாகத் திறந்துவிட்டேன்.