கொடிக்கம்பத்துக் கொக்கி

கயிற்றை இடது உள்ளங்கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தேநீர் குடிக்கிறார் ஆர்வில் கோர்க்கம். உட்கார்ந்திருப்பது கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியின் மேல். தலைக்கு மேலே, கம்பத்தின் பாதி உயரத்தில், கொடி பனிமூட்டத்தில் நனைந்து துவண்டிருக்கிறது. கயிற்றை அவர் விட்டால் கொடி இறங்கிவிடும். கயிற்றைச் சுற்றிக் கட்டுவதற்கான கொக்கி எப்போதோ உடைந்து விழுந்துவிட்டது. கம்பத்தில் இரண்டு திருகுத் துளைகள் மட்டும் துருப்பிடித்து நிற்கின்றன.

ஜூலை முதல் தேதி. நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் மீனவ ஊரான டெவரல் துறையில் இந்த நாளுக்கு இரண்டு பாதி. நண்பகல் வரை துக்கம். 1916இல், முதல் உலகப் போரில், இதே நாள் காலை பிரான்சில் பதுங்குகுழியிலிருந்து எழுந்து நடந்த நியூஃபவுண்ட்லாந்துப் பையன்களில் மிகச் சிலரே திரும்பினார்கள். நண்பகலுக்குப் பிறகு கனடா நாள்: சிவப்புத் தொப்பி, அக்கார்டியன், சர்க்கரைப் பூச்சில் மேப்பிள் இலை வரைந்த கேக். பாதியில் நிற்கும் கொடியை உச்சிக்கு ஏற்றியதும் முதல் பாதி முடிகிறது. அதுவரை கயிறு ஆர்வில் கையில். பிறகு பிள்ளைகள் விளையாட்டாக மாறி மாறிப் பிடிப்பார்கள்.

ஊரில் எது உடைந்தாலும் அவரிடம்தான் போகும். குழாய், கூரை, படகு நிறுத்தும் மேடையின் பலகை, தேவாலய ஆர்மோனியத்தின் துருத்தி. சட்டைப் பையில் ஒரு பழைய புகையிலை டப்பா. அதில் திருகாணி, ஆணி, வளையம், எதற்கென்று அவருக்கே தெரியாத சில சுருள் கம்பிகள். வேலை முடிந்து யாராவது நன்றி சொன்னால், "அட, வழியிலதான இருந்துச்சு" என்பார். வீடு ஊரின் மறுகோடியில் இருந்தாலும் அதே பதில்தான். இடது காலில் பாதி விரல்கள் கிடையாது. நடக்கும்போது அந்தக் கால் தரையை ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் ஊன்றும்.

இப்படிப்பட்டவர் இந்தக் கொக்கியை மட்டும் சரிசெய்ததில்லை.

"கம்பத்தையே சுத்திக் கட்டினா என்னடா?" என்று ரேண்டல் கீப்பிங் கேட்டிருக்கிறார். முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவர். ஆர்விலின் வயதுக்காரர்.

"வழுக்கும்."

"என் கல்யாண மோதிரத்தைச் சாக்கடைக் குழாயிலேர்ந்து எடுத்த ஆளு நீ. ஒரு கொக்கி வைக்கத் தெரியாது?"

"பார்க்கலாம்."

காரணம் ரேண்டலுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். போரில் இறந்தவர்களின் நினைவுக்கல் கம்பத்துக்கு முன்னால் இருக்கிறது. கூட்டம் இரண்டுக்கும் நடுவே நிற்கும். எல்லோரும் கல்லின் முகத்தைப் பார்ப்பார்கள். ஆர்வில் அவர்களுடைய முதுகுகளைப் பார்ப்பார். கயிறு கையில் இருக்கும்வரை முன்னால் வரச்சொல்லி யாரும் அவரைக் கூப்பிட முடியாது.

கல்லின் முகத்தில் பெயர்கள்: முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர், ஆப்கானிஸ்தானிலிருந்து வராத ஒருவன். பக்கவாட்டில் ஒரு வெண்கலத் தகடு. சிரில் டர்ன்ஃபோர்ட், லெஸ்டர் ஹான். இவர்கள் எந்தப் படையிலும் இல்லை, ஊர் மீனவர்கள். ஒரு பிப்ரவரிப் புயலில் நோவா ஸ்கோஷியாக் கப்பலொன்று துறைவாயில் பாறையில் மோதியபோது, இருவரும் சிறு படகெடுத்துப் போனார்கள். முதல் தடவை ஏழெட்டுப் பேரைக் கரைசேர்த்தார்கள். மிச்சமிருந்த ஒருவனுக்காக மறுபடி போனார்கள். அவனைக் கரைப்பாறையில் ஏற்றிவிட்ட கையோடு படகு கவிழ்ந்து இருவரும் மூழ்கினார்கள். அந்த ஒருவன், பத்தொன்பது வயது ஆர்வில்.

தகடு வைக்கும் பேச்சு வந்தபோது, படைவீரர் கல்லில் மீனவர் பெயர் எப்படி என்று சிலர் முனகினார்கள். கையில்லாத ஒரு கிழட்டுச் சிப்பாய் எழுந்து, "நாங்க போறப்பச் சம்பளம் கொடுத்து அனுப்பினானுக. இவனுகளுக்கு யாரு கொடுத்தா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். பேச்சு அதோடு முடிந்தது.

விரல்கள் உறைந்து போன பையனைச் சிரிலின் மனைவி மியூரியல்தான் அடுப்பருகே கிடத்திப் பார்த்துக்கொண்டாள். புருஷனைப் புதைத்த வாரத்தில், புருஷனின் சட்டையை அவனுக்குப் போட்டாள். ஊர் திரும்பும்போது சிரிலின் பூட்ஸைக் கொடுத்தனுப்பினாள். மே மாதம் பூட்ஸைத் திருப்பித் தர வந்தான். "வச்சுக்க. இங்க யார் காலுக்கும் சேராது" என்றாள் அவள். வாசற்படிப் பலகை ஒன்று ஆடியது. அதைச் சரிசெய்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். அப்புறம் வேலி. அப்புறம் பக்கத்து வீட்டுக் கூரை. இன்னும் போகவில்லை.

ஊர் அவரை ஒன்றும் சொன்னதில்லை. சொல்வதெல்லாம் விளையாட்டுக்கு. "ரெண்டு ஆளைக் கொடுத்து உன்னை வாங்கியிருக்கோம். எங்கொல்லைக் குழாயை நீ பார்க்காம யாரு பார்ப்பா?" என்பார் ரேண்டல்.

"விலை ஜாஸ்திதான்" என்பார் ஆர்வில். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். பிறகு குழாயைப் பார்க்கப் போய்விடுவார்.

கடலில் இறங்கமாட்டார். கேப்லின் மீன் கரையில் வந்து புரளும் நாட்களில் ஊரே வாளியோடு அலைவாயில் நிற்கும். அவர் மேலே சாலையில் நின்று, நிரம்பிய வாளிகளை வாங்கி வண்டியில் ஏற்றுவார். கனடா நாள் பிற்பகலில் நாற்காலி தூக்குவார், கூடாரக் கயிறு இழுத்துக் கட்டுவார். யாராவது கேக் நீட்டினால், "கை அழுக்கு" என்று நகர்ந்துவிடுவார்.

சிரிலின் மகள் கிளெனிஸ் அப்போது நாலு வயதுக் குழந்தை. இப்போது தபால் நிலையத்தை நடத்துகிறாள். அம்மா இறந்ததிலிருந்து தகட்டுக்கு மலர்வளைய மாலை வைப்பது அவள்தான். லெஸ்டர் ஹானுக்குச் சொந்தமென்று ஆட்கள் இல்லை. ஒவ்வொரு ஜூனிலும் அவள் ஆர்விலைக் கேட்பாள்.

"மாமா, இந்த வருஷம் மாலையை நீங்க வைங்க."

"கயிறை யாரு பிடிப்பா கண்ணு?"

இந்த ஜூனில் அவள் கேட்கவில்லை. அது ஆர்விலுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு நாள் கழித்துக் கொஞ்சம் உறுத்தவும் செய்தது. தபால் நிலையத்துக் கதவு கிறீச்சிடுகிறதென்று தானாகவே எண்ணெய்க் குப்பியோடு போனார். கதவு கிறீச்சிடவில்லை. கிளெனிஸ் தபால்தலை கிழித்துக்கொண்டே, "சும்மாத்தான் வந்தீங்களா மாமா?" என்றாள். எண்ணெய் விட்டுவிட்டு வந்தார்.

பதினோரு மணிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோர் மார்பிலும், இறந்தவர்களின் நினைவாக, 'மறவாதே' என்று பெயர்கொண்ட நீலச் சிறுபூ. ஊதுகுழல் வாசித்த பெண்ணுக்குக் குளிரில் ஒரு சுரம் பிசகியது. யாரும் அசையவில்லை. மௌனம் முடிந்தது. ரேண்டல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாலை வைப்பவர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். மாகாணத்தின் சார்பில். ஊராட்சியின் சார்பில். ஆப்கானிஸ்தானில் இறந்தவனின் அம்மா மாலையை வைத்துவிட்டு, கல்லின் மேல் ஒட்டியிருந்த புல்லொன்றை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"சிரில் டர்ன்ஃபோர்ட், லெஸ்டர் ஹான். குடும்பத்தின் சார்பில்" என்றார் ரேண்டல். தொண்டையைச் செருமினார். "ஆர்வில் கோர்க்கம்."

இத்தனை வருடமும் முதுகுகளையே பார்த்தவரை நோக்கி எல்லா முகங்களும் திரும்பின.

ஆர்வில் எழுந்துவிட்டார். மீன்பெட்டி சரிந்தது. "கயிறு..." என்றார்.

கிளெனிஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்னால் வந்தாள். கையில் மாலை. மறுகையை நீட்டினாள்.

"கொடுங்க மாமா."

"ஈரமா இருக்கு. வழுக்கும் கண்ணு."

"நான் தினம் மூட்டை தூக்கறவ. கொடுங்க."

"நான் போய்... நான் எப்படிக் குடும்பம்?"

"அப்பா செத்த வருஷத்திலேர்ந்து எங்க வீட்டுக் கூரையில யாரு ஏறுறா? அம்மா சவப்பெட்டியை யாரு தூக்கினா?" குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு பேருக்குமா நான் ஒருத்தியே நடந்து போறேன் மாமா. ஒரு தடவையாவது நீங்க போங்க."

"கொடி இறங்கிடக் கூடாது."

"இறங்காது."

அவர் கையிலிருந்து கயிற்றைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். கடைசிச் சுற்றில் கை தயங்கியது. கிளெனிஸ் மாலையை அவர் மறுகையில் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் பிடித்துக்கொண்டாள். மேலே கொடி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

கூட்டம் வழிவிட்டது. இடது கால் தரையைக் கேட்டுக் கேட்டு நடந்தது. கல்லுக்கு முன்னால் போய் நின்றார். சல்யூட் அடிக்க அவர் சிப்பாய் இல்லை, சிலுவை போடவும் கை எழவில்லை. மாலையைத் தகட்டின் கீழே சாய்த்து வைத்தார். அது நழுவியது. ஒரு சிறு கல்லை எடுத்து அடியில் முட்டுக்கொடுத்தார். அசைத்துப் பார்த்தார். பிறகு கோட்டின் கைப்பகுதியால், வெண்கலத்தில் கோத்திருந்த ஈரத்தைத் துடைத்தார். முதலில் சிரில், அப்புறம் லெஸ்டர். விருந்தாளி உட்காரப்போகும் பலகையைத் துடைப்பதுபோல, அவசரமில்லாமல்.

திரும்பி வரும்போது யாரும் கண்ணை விலக்கவில்லை. அவரும்தான். வரிசையோரம் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கிழவி, "கோட்டு நனைஞ்சு போச்சு பாரு" என்றாள். ரேண்டல் தாளைத் தலைகீழாகப் பிடித்திருப்பதைக் கவனித்து நேராக்கிக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

கிளெனிஸ் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தாள். கொடி அதே உயரத்தில் இருந்தது.

"நன்றி கண்ணு."

"அட, வழியிலதான இருந்துச்சு" என்றாள் அவள்.

நண்பகல் மணி அடித்ததும் ஆர்விலே கொடியை உச்சிக்கு ஏற்றினார். பிள்ளைகள் மேசைப் பக்கம் ஓடினார்கள். அக்கார்டியன் ஆரம்பித்துவிட்டது. பனி கொஞ்சம் விலகி, துறைவாயும் அந்தப் பாறையும் தெரிந்தன.

கயிற்றை மறுபடி கிளெனிஸிடம் கொடுத்தார். புகையிலை டப்பாவைத் திறந்து, அடியில் விரலை விட்டுத் துழாவி, ஒரு பித்தளைக் கொக்கியை எடுத்தார். களிம்பேறிப் பச்சை பிடித்திருந்தது. துளைகளில் பொருத்தித் திருகாணியை முடுக்கினார்.

ரேண்டல் பார்த்துக்கொண்டே வந்தார். "அடப்பாவி. இத்தனை வருஷமா அந்த டப்பாவுலயா வச்சிருந்தே?"

"இன்னிக்குத்தான் கையில தட்டுப்பட்டுச்சு."

"பொய்யி."

"பொய்யிதான்" என்றார் ஆர்வில்.

கயிற்றை வாங்கிக் கொக்கியில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி முடிந்தார். இழுத்துப் பார்த்தார். விட்டார். கொடி மேலேயே நின்றது. கிளெனிஸ் போய்க் கேக் தட்டோடு வந்தாள். மேப்பிள் இலையின் காம்பு அந்தத் துண்டில் வந்திருந்தது. ஆர்வில் கைகளைக் கால்சட்டையில் துடைத்தார். கயிறு பதிந்த கோடுகள் இடது உள்ளங்கையில் சிவந்திருந்தன. சரிந்த மீன்பெட்டியை மறுபடி கவிழ்த்துப் போட்டு, கல்லைப் பார்த்தாற்போல் உட்கார்ந்து, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.