மடிக்காத சேலை

மன்னார்புரத்துப் புதுக் கடையில் நான் வேண்டாமென்று தலையசைத்ததுமே விற்பனைப் பெண் சேலையை வெடுக்கென்று மடித்தாள். அதிலிருந்து எழுந்த கஞ்சி வாசம், அப்பாவின் இப்போது இல்லாத ஜவுளிக்கடைக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. அங்கே ஜமக்காளத்தில் சேலைகள் சரசரத்துக் குவிந்துகொண்டே இருக்கும். வாங்காமல் எழுந்தவர்கள் படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை ஒன்றையும் யாரும் மடிக்கக் கூடாது.

“கண்ணெதிர மடிச்சா முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும்மா” என்பார் அப்பா.

பெரிய கடைகள் வந்தபின் குவியல் சிறுத்தது. கடையை மூடிய அன்று, கடைசியாக வந்த அம்மாளும் ஒரு மாம்பழ நிறச் சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனார். அவர் தெருமுனையில் மறைந்து வெகுநேரமாகியும் அது அப்படியே கிடந்தது.

“மடிச்சிடட்டுங்களா முதலாளி?” என்றார் விற்பனையாளர் கோபால்.

அப்பா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்கட்டும்ப்பா. அவங்க இன்னும் போய்க்கிட்டுதான் இருப்பாங்க.”