மூடிக்காரர் நிறுத்திவைத்த கேமரா

கட்டிய மனைவிக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்பதை ஒரு கேமரா சொல்லித்தான் ஒரு மனிதர் தெரிந்துகொண்டார் என்றால் நம்புவீர்களா? மூடிக்காரருக்கு அப்படித்தான் நடந்தது.

டப்பாக்களுக்குத் தகர மூடி அடிக்கும் தொழிற்சாலையில், முப்பத்திரண்டு வருஷம் ஒரே பிரஸ் மெஷினில் நின்றவர். பட்டப்பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. அந்த மெஷினின் தலையில் இரண்டு விளக்குகள் உண்டு. பச்சை எரிந்தால் ஓடுகிறது, கிட்டே போகாதே. சிவப்பு எரிந்தால் நின்றுவிட்டது, கையை உள்ளே விடலாம். இந்தப் பாடத்தை ஒரு நாளும் மறக்காததால்தான் முழுசாகப் பத்து விரலோடு ஓய்வு பெற்றேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கையை விரித்துக் காட்டுவார்.

ஒரே மகள் கணவனோடு வெளிநாட்டில் குடியேறக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கணவன் முன்னாலேயே போய்விட்டான். இவளுக்கு இன்னும் பத்து நாள். அதற்கப்புறம் மூன்று வருஷத்துக்கு வர முடியாது. இந்தப் பத்து நாளையும் படமாகப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று மூடிக்காரருக்கு ஒரே வெறி. வீடியோ கேமரா வாங்கக் கடைக்குப் போனார்.

விற்பனைப் பெண் மூன்றை எடுத்து வைத்தாள். அவர் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பொத்தானை அழுத்திக் காதருகே வைத்துச் சத்தம் கேட்டார்.

"இது தூரத்துல இருக்கறதைக் கிட்ட இழுக்கும் சார். இது வெளிச்சம் கம்மியா இருந்தாலும் நல்லா எடுக்கும்..."

"அதெல்லாம் கிடக்கட்டும்மா. விளக்கு இருக்கா?"

"விளக்கா? முன்னாடி சின்னதா சிவப்பு லைட் இருக்கு சார். அது எரிஞ்சா..."

"போதும், போதும். எரிஞ்சா என்னன்னு எனக்கா சொல்லித் தர? முப்பத்திரண்டு வருஷம் மெஷினோட குடித்தனம் பண்ணவன்மா நான்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ரசீது போட்டாள். அவள் அந்த ஒரு வாக்கியத்தை முடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒரே அமர்க்களம். பொத்தானை அழுத்துவார், கேமராவைத் திருப்பி, சிவப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பார். அணைந்திருந்தால் ஓடுகிறது என்று அர்த்தம்! உடனே மகள் முன்னால் போய் நிற்பார். கண்ணை வைத்துப் பார்க்கிற துளைக்குள் ஓரமாக ஏதோ பொடி எழுத்து தெரியும். அது அவர் கண்ணுக்கு எட்டாது, எட்டவேண்டும் என்றும் அவர் நினைக்கவில்லை.

"அப்பா, பல்லு விளக்கறதையெல்லாமா எடுப்பீங்க?"

"நீ விளக்கும்மா. மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா இதுவே பெரிசாத் தெரியும்."

சமையலறைப் பக்கம் போனால் மனைவி விரட்டுவாள். "வேகற சட்டிக்கு முன்னாடி நிக்கறவளை என்னத்தைப் புடிக்கறது? மூஞ்சியெல்லாம் வேர்வை. போங்க அந்தாண்ட!"

"சரி, டீயாவது குடு. இன்னிக்காவது விரலை உள்ள முக்காம ஊத்து. எத்தனை தடவை சொல்றது?"

அவள் டம்ளரை நீட்டினாள்.

படம் எடுத்து முடித்ததும் பொத்தானை அழுத்தி, சிவப்பு எரிகிறதென்று உறுதி செய்துகொண்டு, கேமராவைச் சாப்பாட்டு அறை அலமாரியின் உச்சியில் வைத்துவிடுவார். யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்? ஒரே ஒரு குறைதான் அவருக்கு. "நிறுத்தி வெச்சாலும் பேட்டரி தீர்ந்துபோகுது. சொத்தை பேட்டரியைத் தலையில கட்டிட்டாங்க."

மகளை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிய அன்று மத்தியானம், மனைவி துணி காயப்போட மாடிக்குப் போனாள். அழுத கண்ணோடு மூடிக்காரர் கேமராவை டிவியில் மாட்டினார். மகள் முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் நெஞ்சு ஆறும் என்று நினைத்தார்.

திரையில் வந்தது அவருடைய செருப்பு. அப்புறம் தரை. அப்புறம் கதவின் கீழ்ப்பாதி, அலமாரியின் ஓரம். மகள் எங்கே? பல் விளக்கியவள் எங்கே? ஓட்டி ஓட்டிப் பார்த்தார். ஓடியதாக அவர் நினைத்த நேரமெல்லாம் கேமரா தூங்கியிருக்கிறது. நிறுத்தியதாக நினைத்த நேரமெல்லாம் விழித்திருக்கிறது! பத்து நாளும் போச்சே! நெற்றியில் அறைந்துகொண்டார்.

அப்போது சாப்பாட்டு அறை வந்தது. மேலிருந்து பார்க்கிற காட்சி. மேஜை முன்னால் மனைவி தனியாக நிற்கிறாள். இடது கை மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே போய் டம்ளரைத் தேடிப் பிடிக்கிறது. ஆள்காட்டி விரலை டம்ளருக்குள் விடுகிறாள். கொதிக்கிற டீயை ஊற்றுகிறாள். விரலில் சுட்டதும் நிறுத்துகிறாள். விரலை உதறி, வாயில் வைத்துக்கொள்கிறாள்.

மூடிக்காரர் டிவிக்குக் கிட்டே நகர்ந்தார். டீ எவ்வளவு நிரம்பியது என்று அவள் விரலால் பார்த்திருக்கிறாள்! அந்த டீயைக் குடித்துக்கொண்டேதான் அவர் திட்டியிருக்கிறார்.

திரையில் மகள் ஓடி வந்தாள். "அம்மா! என்னம்மா இது? உனக்கு டம்ளர் தெரியலையா?"

"கத்தாதேடி. வலது கண்ணுல ஒண்ணும் தெரியல. இடது கண்ணு நேரா மட்டும் தெரியுது. ஆறேழு மாசமாச்சு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கா? அவர் முகத்துல எதுவும் மறையாது. அவருக்குத் தெரிஞ்சா அடுத்த நிமிஷம் உனக்குத் தெரியும், நீ டிக்கெட்டைக் கிழிச்சுப் போடுவே."

"நான் போகல."

"அப்படிச் சொன்னே, இனிமே எங்கிட்ட பேசாதே. நீ அங்க போய்ச் சேரு. அப்புறம் நானே அவர்கிட்ட சொல்லிக்கறேன்."

மகள் அம்மாவின் தோளில் முகம் புதைத்து விசும்பினாள். அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து அவருடைய குரலே கேட்டது: "என்ன அம்மாவும் பொண்ணும் ரகசியம்? அந்த இன்னொரு பேட்டரி ஏறிடுச்சான்னு பாருங்க!"

டிவியை அணைக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை.

மாடியிலிருந்து இறங்கி வந்த மனைவி நிலைப்படியில் வலது தோளை இடித்துக்கொண்டாள். ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்து நடந்தாள். இதுவும் எத்தனை நாளாக நடக்கிறதோ! அவர் எழுந்து அவள் முன்னால் நின்று கையைத் தூக்கினார்.

"எத்தனை விரல்?"

"அஞ்சு. என்ன விளையாட்டு இது, மக போன அன்னிக்கு?"

கையை மெல்ல அவளுடைய வலது பக்கமாக நகர்த்தினார். அவள் பார்வை மூக்கைத் தாண்டவில்லை. "இப்ப?"

அவள் கையை நீட்டி அவருடைய விரலைத் தேடினாள். பிறகு மெல்லக் கேட்டாள். "சொல்லிட்டாளா?"

"நீயே சொன்னே, டிவியில. செருப்பைப் போடு. இப்பவே போறோம்."

"நாளைக்குப் போலாங்க..."

"இப்பவே!" என்று கத்திக்கொண்டே அவளுடைய செருப்பை எடுத்து வந்து வைத்தார்.

கண் டாக்டர் ஒரு பெண். விளக்கு அடித்துப் பார்த்து, புள்ளிகளைக் காட்டிச் சோதித்து, கண்ணின் அழுத்தத்தை அளந்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. வலது கண்ணில் போனது போனதுதான் என்றார். இடது கண்ணில் மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம். ஒரு நாளும் விடக்கூடாது.

"இது சத்தம் போடாம வர்ற வியாதிதான். ஆனா தடவறது, இடிச்சுக்கறது எல்லாம் இருந்திருக்குமே? வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

"அவர் வேலைக்குப் போயிடுவாரு டாக்டர். நான்தான்..." என்று மனைவி அவசரமாகத் தொடங்கினாள்.

மூடிக்காரர் இடைமறித்தார். "இருந்தேன் டாக்டர். ஓய்வு பெற்று எட்டு மாசமாச்சு. பக்கத்துலதான் உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தேன்."

டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். மூடிக்காரர் வழிந்த கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"தினமும் காலையில, சாயங்காலம். யார் போட்டு விடுவீங்க?"

"நானே போட்டுக்குவேன் டாக்டர்" என்றாள் மனைவி.

"பேசாம இரு" என்றார் அவர். நாற்காலியை அவளுடைய வலது பக்கத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எப்படிப் போடணும்னு எனக்குக் காட்டுங்க டாக்டர். முழுசாச் சொல்லுங்க. நான் குறுக்க பேச மாட்டேன்."