தலையாட்டிக் கிடைத்த வேலை

மலாக்காவில் எங்கள் கல்லூரியில் தமிழுக்கென்று ஒரு பெரிய மனிதர் இருந்தார். விரிவுரையாளர். இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், சந்தையில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் அவருக்கு மலாய் வரும். அதையும் ஏதோ விரதம் காக்கிற மாதிரி பெருமையாகச் சொல்லிக்கொள்வார். யாராவது வாய்தவறி ‘சார்’ என்றால் போச்சு. “ஐயா என்று சொன்னால் நாக்கு வெந்துவிடுமா?” என்று பிடித்துக்கொள்வார். மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த அடுத்த வருஷம், வசதியில்லாத மாணவர்களுக்குக் கல்லூரியிலேயே வேலை கொடுப்பதென்று முடிவானது. ஆள் எடுக்கும் பொறுப்பைத் தூக்கி இவர் கையில் கொடுத்தார்கள். கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் நூலகத்திலோ விடுதிச் சமையற்கட்டிலோ வேலை. அந்தச் சம்பளம் படிப்புக் கட்டணத்துக்குப் போய்விடும். நான் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள். இந்த வேலை கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு பால்மரம் வெட்டப் போகவேண்டியதுதான். வேலை கேட்டு என் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கும் அதே கதி. அவள் காஜா பேராங்கில் செட்டிக் கம்பத்துக்காரி; கம்பம் என்றால் குடியிருப்பு. அப்பா வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள்.

மலாக்காக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலாக்காச் செட்டிகள் நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், நம் பெயரைத்தான் வைத்துக்கொள்வார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக வீட்டில் பேசுவது மலாய்தான். சாமி, பூசை என்று ஏதோ சில சொல் தமிழில் வரும், அவ்வளவுதான். இது ஊரில் காய்கறி விற்கிறவருக்குத் தெரியும், ரிக்‌ஷாக்காரருக்குத் தெரியும். ஐயாவுக்குத் தெரியாது. அவர்தான் மலாக்காவில் குடியிருந்தாரே தவிர மலாக்காவைத் திரும்பிப் பார்த்ததே இல்லையே!

அவள் கெபாயா என்கிற மலாய்ச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு உள்ளே போனாள். ஐயா நெற்றியைப் பார்த்தார், உருகிவிட்டார். தமிழின் பெருமை, தமிழ்ப் பெண்ணின் கடமை என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கே கொட்டாவி வந்தது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். அதனால் அவள் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினாள். ‘உனக்குத் தமிழ் தெரியுமா?’ என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நன்கொடையாக வந்து குவிந்திருந்த தமிழ்ப் புத்தகங்களை அடுக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தார். பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிற எனக்கு ஆங்கிலப் பத்திரிகையைத் தூசி தட்டுகிற வேலை. என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

நாங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நான் புத்தகத்தின் பெயரைப் படித்து இடத்தைச் சொல்வேன். அவள் முத்து முத்தாக எண் எழுதி ஒட்டுவாள். கிழிந்த அட்டைக்கெல்லாம் பசை தடவி உயிர் கொடுத்தாள். அவளுடைய தூசியை நானும் என்னுடைய தூசியை அவளும் மாற்றி மாற்றித் தட்டினோம். அலமாரி பளபளவென்று ஆனது. ஐயா வந்து பார்த்துவிட்டு, “தமிழ் ரத்தம் சும்மா இருக்குமா?” என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பத்திரிகையில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

புத்தகம் கொடுத்த கனவான்கள் ஒருநாள் பார்க்க வந்தார்கள். “எந்த நூலை வேண்டுமானாலும் இந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். செந்தமிழில் பதில் சொல்வாள்” என்று ஐயா பீற்றிக்கொண்டார். ஒருவர் கேட்டார். அவள் சிரித்துத் தலையாட்டினாள். அவர் மறுபடி கேட்டார். அவள் பாவம், வேறு வழியில்லாமல், ‘மன்னிக்கவேண்டும், எனக்குத் தமிழ் தெரியாது’ என்று மலாயில் பணிவாகச் சொன்னாள். ஐயா முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஏமாற்றிவிட்டாளாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே அவர் அறைக்குப் போனேன்.

“ஐயா, தமிழ் தெரியுமா என்று அவளைக் கேட்டீர்களா?”

“திருநீறு பூசியிருந்தாளே!”

“சாமி கும்பிட்டாள், பூசினாள். அவ்வளவுதானே ஐயா?”

என்னை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார்.

வேலை போனதை அவள் வீட்டில் சொல்லவில்லை. மகள் கல்லூரியில் படித்துக்கொண்டே வேலை பார்க்கிறாள் என்று அவள் அப்பா கம்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அடுத்த தவணைக் கட்டணம் கட்டாவிட்டால் படிப்பு முடிந்தது. என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் அழத்தான் தெரிந்தது.

அந்த வாரம் அவர்கள் கம்பத்து அம்மன் கோயில் திருவிழா. இந்த முறை ஐயாவுக்கு மாலை மரியாதை செய்வதென்று அழைத்திருந்தார்கள். மாலை என்றால் மனிதர் எங்கே என்றாலும் வந்துவிடுவார். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அவர்தான் அவளை நிறுத்தியவர் என்று அங்கே எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

கோயில் காரியம் பார்ப்பவர் அவள் அப்பாதான். மாலையைப் போட்டுவிட்டு, ஒலிபெருக்கியைப் பிடித்து மலாயில் பேசினார். “எங்கள் பெண்ணுக்கு வேலை கொடுத்துப் படிக்க வைக்கிற புண்ணியவான் இவர்” என்றார். ஐயாவுக்குத் தம்மைப் புகழ்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. மலாயில் ஆமாம் போட்டு, “யா, யா” என்று தலையாட்டினார். “படிப்பு முடிகிறவரை அவள் வேலைக்குக் குறை வராது, இல்லையா?” என்று கேட்டார் அப்பா. ஐயா சபையைப் பார்த்துக் கைகூப்பி, இன்னும் பலமாக, “யா, யா, யா!” கூட்டம் கைதட்டித் தீர்த்தது. என் பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள்.

பிரசாதம் வாங்க அவர் ஒதுங்கியபோது நான் போய் நின்றேன். “ஐயா, இப்போது எதற்குச் சம்மதம் சொன்னீர்கள் தெரியுமா?” என்று கேட்டு, ஒவ்வொரு வரியாக நல்ல தமிழில் எடுத்துச் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு ருசித்துத் தமிழ் பேசியதில்லை.

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே!”

“அம்மன் முன்னால் நின்று தலையாட்டினீர்களே ஐயா. ஊரே பார்த்தது. நானா பிடித்து ஆட்டினேன்?”

கழுத்து மாலையைக் கழற்றவும் முடியாமல், போட்டுக்கொண்டு நிற்கவும் முடியாமல் தவித்தார்.

திங்கட்கிழமை அவள் மறுபடி நூலக மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஐயா வந்தார். அலமாரியைப் பார்த்தார், என்னை முறைத்தார், அவளிடம் திரும்பினார்.

“உனக்குத் தமிழ் தெரியுமா?”

கடைசியில் கேட்டேவிட்டார், மகானுபாவர்!

“தெரியாது, ஐயா” என்றாள் அவள், நான் சொல்லிக்கொடுத்தபடியே. பிறகு மிகுந்த மரியாதையோடு மலாயில் கேட்டாள், ஐயாவுக்கு மலாய் தெரியுமா என்று. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஐயா “யா, யா” என்று தலையாட்டிவிட்டுப் போனார்.