சகலனுக்குக் கிடைத்த ஊசி

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருடங்களாக மனதுக்குள் இழுபட்டேன். மருத்துவ விஷயம், படித்தவர்கள் எழுத வேண்டியது. அதோடு என் பொறாமையை நாலு பேர் அறியச் சொல்ல வெட்கம். பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

என் சகலனும், அதாவது மனைவியின் தங்கையின் கணவரும், நானும் ஒஸ்லோவில் ஒரே பேக்கரியில் வேலை செய்தோம். அவர் மாக் குழைக்கும் இயந்திரத்தடியில், நான் மா மூட்டை பிரித்துக் கொட்டுகிற இடத்தில். மாத்தூசியால் இருவருக்கும் ஆஸ்துமா வந்தது. டாக்டர்கள் சொல்லி வேறு வேலைக்கு மாறிய பிறகும் மூச்சுமுட்டு விடவில்லை.

பிறகு சகலனுக்கு ஒரு புது ஊசி கொடுத்தார்கள். வீடு வீடாகக் கொண்டுபோகிற மாதா சுரூபம் ஒஸ்லோவின் ரொம்மனில் அவர் வீட்டுக்கு வந்த அன்று செபமாலைக்குப் போனோம். அவர் முழங்காலில் நின்று மன்றாட்டுமாலை முழுவதையும் தளராமல் சொன்னார். நான் சோபாவில் இருந்துகொண்டு, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற பதிலைக்கூட முடிக்க முடியாமல் இருமினேன்.

"அண்ணை, நீங்களும் டாக்குத்தரிட்டை அந்த ஊசியைக் கேளுங்கோவன். நான் ஆளே மாறிட்டன்" என்றார் சகலன்.

நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த நல்ல மனதுதான் கூடக் குத்தியது. அவர் தந்த ரோல்ஸைக் கடிக்காமல் மனைவியின் தட்டில் வைத்தேன்.

கேட்டேன். டாக்டர் இரத்தம் சோதித்துவிட்டு விளக்கியதை, கூட வந்த மகள் தமிழில் சொன்னாள்.

"அப்பா, உடம்பிலை செல்லுகள் ஒண்டுக்கொண்டு சேதி அனுப்புமாம். அந்தச் சேதியைக் கொண்டுபோக மூலக்கூறுகள் இருக்கு. சித்தப்பாவைப்போல ஊசி போடுற ஆக்களுக்கு அதிலை ஒண்டு, ஒரு வகை வெள்ளை அணுக்களைக் கூட்டிச் சுவாசக் குழாயை வீங்கப் பண்ணுது. ஊசி அந்தச் சேதியை மறிக்குது. உங்களுக்கு அந்த அணுக்கள் குறைவு. மறிக்கிறதுக்கு அங்கை ஒண்டுமில்லையாம்."

"அவருக்கு எவ்வளவு இருக்காம்?"

"மற்ற ஆக்களின்ரை இரத்தத்தைப் பற்றிச் சொல்லமாட்டினம், அப்பா."

இன்னொரு முறை சோதிப்பதாகச் சொன்னார்கள். அதுவரை தினமும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். அந்த அணுக்கள் எனக்குள் கூடவேண்டும் என்று நேர்த்திக்கடன். அது மனைவியின் காதில் விழுந்துவிட்டது.

"என்னப்பா, இரத்தம் பழுதாகவேணும் எண்டோ மன்றாடுறியள்? மாதாவுக்கே தலை சுத்தப்போகுது."

"அவருக்கு இருக்கிற அளவு எனக்கும் இருந்தால் காணும்" என்றேன்.

இரண்டாம் சோதனையிலும் குறைவுதான். ஊசி இல்லை என்று முடிவாயிற்று. குரோருட்டில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் மிஞ்சிய மெழுகுதிரிகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மாதாவோடு கோபம்.

டாக்டர் வாயால் இழுக்கிற மருந்தை, அந்த இன்ஹேலரை, மாற்றித் தந்தார். வீட்டில் கோதுமை மா அரிப்பதை மனைவி நிறுத்தினாள். இப்போது ஓரளவு சுகம், ஆனால் மாடிப்படியில் பாதியில் நிற்க வேண்டும். சகலனின் குரல் கோயிலில் எழும்பும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும்.

எங்கள் சனம் இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்கிறது. சகலனை விசுவாசம் சுகமாக்கியதாம், எனக்கு அது காணாதாம். வேறு சிலர், ஆஸ்துமாக்காரர் எல்லாருக்கும் அந்த ஊசி சரிவரும் என்கிறார்கள். அதை நம்பி, பக்கத்து நகரமான லில்லெஸ்ட்ரோமில் ஒருவர் தன் இழுக்கிற மருந்தை விட்டுவிட்டு ஊசிக்குக் காத்திருந்து, மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். அதைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஆகையால் இதை மற்றவர்களுக்குச் சொல்கிறவர்கள் இருந்தபடியே சொல்லுங்கள். அவருக்குப் பொருந்தியது எனக்குப் பொருந்தவில்லை. நான் சுகமாகிவிட்டேன் என்று கூட்ட வேண்டாம், என் விசுவாசத்தைக் குறைக்கவும் வேண்டாம். பொறாமையையும் வெட்டிவிடாதீர்கள், அது இன்னும் போகவில்லை.