மூன்றாவது வரிசையில் அம்மா

ஐஸ் தரையில் கல்லைத் தள்ளி விளையாடுகிற ஒரு விளையாட்டு இருக்கிறது. கர்லிங் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குலசேகரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே குடியிருக்கிற ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு அதன்மேல் அப்படி என்ன விரோதம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஐஸை நான் மீன்காரர் பெட்டியில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் கொரோனா இரண்டாவது அலை சமயத்தில் கனடாவில் நடந்த ஒரு சர்வதேசப் போட்டியை நான் ஒன்றுவிடாமல் பார்த்தேன். என்னோடு உட்கார்ந்து என் அம்மாவும் பார்த்தாள். இந்த மாவட்டத்தில் அதைப் பார்த்தது நாங்கள் இரண்டு பேர் மட்டுமாகத்தான் இருக்கும்.

விளையாட்டு இவ்வளவுதான். அம்மிக்கல்லைப் போல கனத்த ஒரு வட்டக் கல். அதற்கு மேலே ஒரு கைப்பிடி. ஒருத்தர் குனிந்து வழுக்கிக்கொண்டே வந்து அதைத் தள்ளிவிடுவார். வேறு இரண்டு பேர் அதற்கு முன்னால் ஓடி ஓடி ஐஸைத் துடைப்பார்கள். துடைக்கத் துடைக்கக் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகுமாம். அந்தப் பக்கத்தில் வரைந்து வைத்திருக்கும் வட்டத்துக்குள் யார் கல் நடுவில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. இதற்குப் பெரியவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

இந்த விளையாட்டை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் என் அண்ணன். இஞ்சினியர் வேலைக்குக் கனடா போனவன், முதலில் பனியில் நிற்கிற போட்டோ அனுப்பினான், பிறகு கார், பிறகு வீடு, கடைசியில் இது. அங்கே ஒரு கர்லிங் கிளப்பில் சேர்ந்து, சிவப்புக் கோட்டுப் போட்டு, நீளமான துடைப்பத்தைத் தோளுக்கு நேராகப் பிடித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பினான். சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காமல் வளர்ந்தவன். அம்மா அந்தப் படத்தைப் போனில் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி, எனக்க மொவன் வாரியல் பிடிச்சிருக்கான் பாத்தியா" என்றாள். பெருமை தாங்கவில்லை. நான் முப்பது வருடமாக அதே வீட்டில் வாரியல் பிடிக்கிறேன், என்னை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

அப்பாவின் அடக்கத்துக்கு வந்துவிட்டுப் போனவன்தான். அதன் பிறகு ஏழு வருடம் வரவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் வருகிறேன் என்பான், ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் ஒரு காரணம் இருக்கும். அம்மாவுக்கு இதயம் பலவீனமாகி, காலில் நீர் கோத்துக்கொண்டபோது, நான்தான் அவளைத் திருவனந்தபுரத்து டாக்டரிடம் கொண்டுபோனேன். கொரோனாக் கட்டுப்பாடுகள் இருந்த நேரம். மாநில எல்லையான களியக்காவிளையில் இந்தப் பக்கத்துப் போலீசுக்கு ஒரு பாஸ், அந்தப் பக்கத்துப் போலீசுக்கு வேறு பாஸ். வெயிலில் காருக்குள் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, நான் வெளியே நின்று இரண்டு பாஷையிலும் சண்டை போட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அம்மைக்கு முடியல்ல. இனி ரெம்ப நாள் இல்ல. ஒருக்கா வந்து முகத்தக் காட்டிட்டுப் போ."

"இந்தப் போட்டி முடியட்டும் மக்கா. கிளப்புல பொறுப்ப எனக்க தலையில கட்டிருக்கானுவ. முடிஞ்ச ஒடனே வாறேன்."

"ஆளே வந்து பாக்காத போட்டின்னு நீதானே சொன்ன. அதுல உனக்கு என்ன பொறுப்பு?"

"அதுக்குத்தான். ஆள் இல்லாத சீட்டுக்கு அட்டை வைக்கணும்லா."

அப்படித்தான் எனக்கு அந்த அட்டை விஷயம் தெரிய வந்தது. கொரோனாவால் பார்வையாளர்களை உள்ளே விடவில்லை. காலி நாற்காலிகளைக் காட்டினால் டிவியில் நன்றாக இருக்காதாம். ஆகவே பணம் கட்டி நம் போட்டோவை அனுப்பினால், அதை ஆள் உயரத்துக்கு அட்டையில் அச்சடித்து நாற்காலியில் உட்கார்த்தி வைப்பார்கள். பணம் தர்ம காரியத்துக்குப் போகும். போட்டோக்களை வாங்கி அனுப்புகிற வேலையை அண்ணன் ஏற்றுக்கொண்டிருந்தான். பெற்ற தாயிடம் வந்து உட்கார நேரமில்லாதவன், ஊரார் அட்டைகளை உட்கார வைப்பதற்கு ஓடிக்கொண்டிருந்தான்.

அம்மாவிடம், "போட்டி முடிஞ்சதும் வாறானாம்" என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப அது சீக்கிரம் முடியட்டு" என்றாள்.

போட்டி தொடங்கிய அன்று அண்ணன் போனில் குதித்தான். "டிவியப் போட்டுப் பாரு. அம்மைய நான் இங்க கூட்டிட்டு வந்துட்டேன்."

அங்கே பகல் என்றால் நமக்கு நடுராத்திரி. அதனால் மறுநாள் காலையில், ஆன்லைன் வகுப்புக்கு முன்னால், பதிவு செய்ததைப் போனிலிருந்து டிவியில் போட்டேன். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கல் போனது, வந்தது. கேமரா ஒரு தடவை மெதுவாக நாற்காலிகள் பக்கம் திரும்பியது. வரிசை வரிசையாக அட்டை மனிதர்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டு, தொப்பி வைத்துக்கொண்டு, நாய்க்குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு. மூன்றாவது வரிசையில் சிவப்புக் கோட்டும் துடைப்பமுமாக அண்ணன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். அவர்கள் பக்கத்தில் வெள்ளைச் சேலையில் அம்மா.

அத்தனை முகங்களில் அவள் முகம் மட்டும் சிரிக்கவில்லை. கண் வீங்கியிருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள், "இது உங்க அப்பாவுக்க அடக்கத்தண்ணு எடுத்ததுல்லா."

ஆமாம். அவனிடம் அம்மாவின் வேறு போட்டோ இருக்கவில்லை. அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றவளை வெட்டி எடுத்துக் கொண்டுபோய்ப் பந்தயம் பார்க்க உட்கார வைத்திருக்கிறான். அந்த நிமிடமே அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கப் போனை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அவனுக்கப் பக்கத்துலதானே இருக்கேன்?"

"ஆமா."

"பின்ன என்ன. ஆனா அவ்வளவு ஐஸ் கெடக்கு, ஒரு சால்வை போத்திவிட்டிருக்கலாம்."

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவளுக்கு அதைப் போட்டாக வேண்டும். கஞ்சி குடிக்க மாட்டாள், மாத்திரை விழுங்க மாட்டாள், டிவியைப் போட்டால் எல்லாம் செய்வாள். யார் ஜெயித்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேமரா எப்போது திரும்பும் என்று காத்திருப்பாள். திரும்பினால், "அன்னா இருக்கேன்" என்று திரையைக் காட்டுவாள். சில நாள் திரும்பவே திரும்பாது. அன்றைக்கு முழுக்க அவள் முகம் சரியாக இருக்காது.

எனக்கு அந்தப் போட்டியில் இருந்த எல்லாரையும் பிடிக்காமல் போயிற்று. ஆட்டக்காரர்களை ஓட்டலுக்கும் ஐஸ் அரங்கத்துக்கும் இடையே வெளிக்காற்று படாமல் அடைத்து வைத்திருந்தார்கள். திரும்பத் திரும்ப மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். நோய் நெருங்காமல் அவ்வளவு காபந்து, எதற்கு? கல்லைத் தள்ளுவதற்கு. அதே காலையில் எங்கள் வாட்ஸாப்பில் யாருக்காவது ஆக்சிஜன் படுக்கை கிடைக்குமா என்று கேட்டு வந்துகொண்டே இருக்கும். எங்கள் தெருவில் ஒருவரைப் பிளாஸ்டிக்கில் பொதிந்து கொண்டுபோனார்கள், மனைவிகூடப் பக்கத்தில் போகவில்லை. விளையாட்டு மனிதர்களுக்கு நம்பிக்கை கொடுக்கிறது என்று டிவியில் ஒருவர் சொன்னார். கொடுத்தது. என் அம்மாவுக்குக் கொடுத்ததே.

போட்டி முடிந்தது. யாரோ கோப்பையைத் தூக்கினார்கள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் முற்றத்தில் இறங்கி நின்று அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இனி எப்பம் கிளம்புவ?"

"இந்தியாவுல இருந்து இங்க வாற பிளைட்டு எல்லாத்தையும் நிப்பாட்டிட்டானுவ மக்கா. இப்பம் வந்தா திரும்பிப் போக முடியாது."

"நீ திரும்பிப் போகதுக்கு வாறியா, அம்மையப் பாக்கதுக்கு வாறியா?"

அவன் சொன்னது பொய்யும் இல்லை. பிளைட்டை உண்மையாகவே நிறுத்தியிருந்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். மாசி மாதத்தில் நான் முதலில் கூப்பிட்டபோதே வந்திருந்தால் அவனை யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

உள்ளே வந்தேன். அம்மா விழித்துக்கொண்டு, "முடிஞ்சா?" என்றாள்.

முடிந்தது என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். "இல்ல, இன்னும் நடக்கு" என்றேன்.

மறுநாள் காலை முதல் நாள் ஆட்டத்தைத் திரும்பப் போட்டேன். அதற்கு மறுநாள், கேமரா நன்றாகத் திரும்புகிற ஒன்றைத் தேடிப் போட்டேன். பிறகு தேடுவதை விட்டுவிட்டு அதே ஆட்டத்தையே தினமும் போட்டேன். அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. "இவனுவளுக்கு ஓய்வே கெடையாதா, எப்பமும் தூத்திட்டே இருக்கானுவ" என்பாள். அண்ணனின் அட்டையைப் பார்த்துவிட்டு, "பாவம், எவ்வளவு நேரமா இப்படியே பிடிச்சிட்டு இருக்கான், கை கடுக்காதா" என்பாள். அவன் வரப்போவதில்லை என்பதை அவளிடமிருந்து மறைக்க நான் தினமும் அவன் சிரிப்பைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வரும். என் வீட்டுக்காரர், "அவங்க சந்தோசமா இருக்காங்கல்லா, விடு" என்பார். அவருக்கு எதையும் விட்டுவிடலாம்.

ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிற இடம் நனையாமல் மழைக்கால பிளாஸ்டிக் கட்டுகிற வைகாசியில் அம்மா போனாள். கொரோனா இல்லை என்று ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிய பிறகுதான் சபைக் கோயிலில் சாவு மணி அடித்தார்கள். இருபது பேருக்கு மேல் கூடாது. பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம்; அவர் மாஸ்க்குக்குள் இருந்து ஜெபம் பண்ணினார். அண்ணன் ஒரு ஸ்டாண்டில் நிறுத்திய போனுக்குள் இருந்து அழுதான். நெட் நடுநடுவே நின்று நின்று வந்தது.

எங்கள் பக்கத்தில் பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பம் சுற்றி நின்று போட்டோ எடுப்பது வழக்கம். மூத்த மகன் தலைமாட்டில் நிற்க வேண்டும். அவன் கல்ஃபிலோ வேறெங்கோ இருந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டு எடுப்பார்கள், ஸ்டூடியோவில் பிறகு அவனைச் சேர்த்துவிடுவார்கள். பாதி வீடுகளில் சுவரில் தொங்குகிற மகன்கள் அப்படி வந்தவர்கள்தான். போட்டோக்காரத் தம்பி என்னைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அண்ணனுக்கு எடம் வேணும்" என்றார்.

"வராதவனுக்கு என்னத்துக்கு எடம்?" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார். ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் முகத்துக்கு மேலே நின்று சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. தள்ளி நின்றேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்தத் தம்பி போன் பண்ணினார். அண்ணன் நேரடியாக அவருக்கே போட்டோ அனுப்பியிருக்கிறான். முழு உருவமும் தெளிவாக இருக்கிற படம் வேண்டும் என்று கேட்டதற்கு, இதுதான் பெரிய சைசில் இருக்கிறது என்று அந்த அட்டைக்குக் கொடுத்த படத்தையே அனுப்பிவிட்டான்.

"அக்கா, இதுல அண்ணன் சிரிச்சிட்டு நிக்காவ. கையில ஒரு வாரியல் வேற. வாரியல எடுத்துரலாம், சட்டையையும் வெள்ளையாக்கிரலாம். சிரிப்பைத்தான் ஒண்ணும் செய்ய முடியாது. வேற படம் ஒண்ணு கேளுங்களேன்."

நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"ஒண்ணும் எடுக்காண்டாம். அனுப்பினது எப்பிடியோ அப்பிடியே வையுங்க."

"அக்கா..."

"பெரிசா போடுங்க. சட்டமும் போட்டுருங்க."

வந்ததும் முன்னறையில், வாசலுக்கு நேர் எதிரே மாட்டினேன். பெட்டிக்குள் அம்மா. சுற்றிலும் மாஸ்க் போட்ட, அழுது சிவந்த முகங்கள். தலைமாட்டில் சிவப்புக் கோட்டும் துடைப்பமுமாக, பல்லெல்லாம் தெரிய என் அண்ணன். துக்கம் கேட்க வந்தவர்கள் அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் காப்பி எடுத்து வரப் போய்விடுவேன். "கழத்திரு, பாக்கதுக்கு நல்லா இல்ல" என்று வீட்டுக்காரர் ஒரு வருடமாகச் சொன்னார். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்றா நான் மாட்டினேன்?

அடுத்த வருடம் பிளைட்டெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு அண்ணன் வந்தான். முதலில் கல்லறைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். நரைத்திருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவன் அப்படியே நின்றான். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நிமிடத்துக்காகத்தான் ஒரு வருடம் காத்திருந்தேன்.

"இதக் கழத்திரு மக்கா" என்றான்.

"நீ அனுப்பினதுதான்."

"எனக்கு அப்பம் புத்தி வேலை செய்யல்ல. வேற ஒண்ணு தாறேன். அத மாத்திச் செய்யச் சொல்லு."

"வேற என்ன வச்சிருக்க? அம்மைக்கப் பக்கத்துல நின்னு அழுகது இருக்கா?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "அம்மைக்கு எனக்க மேல கோவமா?" என்றான்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் அவனுக்கும் ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்திருக்கும். திட்டு வாங்கியவனுக்கு அதோடு கணக்குத் தீர்ந்துவிடும். அந்த ஆறுதலைக்கூட அவனுக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. நடந்ததையே சொன்னேன்.

"கோவமா? நீ வரமாட்டங்கதே அவளுக்குத் தெரியாது. உனக்கப் போட்டி இன்னும் முடியல்லன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன். ஒரே ஆட்டத்த தினமும் போட்டுக் காட்டினேன். சாவுத அண்ணு காலையிலயும் உன்னப் பாத்துட்டு, அவனத் தொந்தரவு பண்ணாதட்டி, பைய முடிச்சிட்டு வரட்டுன்னு சொன்னா."

அதன் பிறகு அவன் அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லவில்லை.